துணி துவைத்த கல்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த சமயம். பஸ் ஓடவில்லை. சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் வரைக்கும் ஒரு அம்மா நடந்தே வந்தார். பழைய சிற்பங்களை ஆராய்கிறவராம். கையில் ஒரு போட்டோ. இறந்துபோன அவர் கணவர் எடுத்தது. ஒரே கல்லில் வாளோடு ஒரு வீரன், பக்கத்தில் அவன் மனைவி.

கல் இருந்த கொல்லைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வீரன் மட்டும் பாதிக் கல்லாக நின்றான். அந்த அம்மா செடிகளை விலக்கி விலக்கித் தேடினார்.

"இவளைப் பார்க்க நானும் அவரும் சேர்ந்து வர்றதா இருந்தோம்," என்றார், போட்டோவில் இருந்த வீரன் மனைவியைக் காட்டி.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"நாந்தாங்க ஒடச்சேன். அடியில பொதையல் இருக்குதுன்னாங்க. கடப்பாரை போட்டேன். மண்ணுதான் இருந்துச்சு."

"அவ எங்க?"

"எங்க வூட்டுல துணி தொவைக்கிற கல்லுங்க."

அவர் செடிகளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "முகம் மேல இருக்கா, கீழ இருக்கா?" என்றார்.

"கீழங்க."

"அப்போ பொழச்சிருப்பா."

வீட்டில் என் மனைவி ஈரத்துணியோடு நின்றாள். "இன்னாய்யா, இதுக்கா இந்தம்மா இவ்ளோ தூரம் நடந்தாங்க? நான் எங்கம்மா வூட்டுக்குப் போனா பக்கத்து ஊருக்கே நீ வரமாட்ட!"

மூவருமாகக் கல்லைப் புரட்டினோம். மூக்கு, கம்மல் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த அம்மா தன் முந்தானையால் சேற்றைத் துடைத்தார். மாட்டுவண்டியில் ஏற்றிப்போய் வீரன் பக்கத்தில் நிறுத்தினோம். உடைந்த இடம் பொருந்தியது. போட்டோவைப் பார்த்து, "வந்துட்டேன்," என்றார் மெதுவாக.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.