தலைகீழாகப் பறந்த பன்றி

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் ஒரு பன்றியைப் பூட்டி வைத்திருந்தாள். முழுப் பன்றியன்று, முன்பாதி மட்டுமே. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளி நாணயமொன்றில் அது முன்னங்கால்களை நீட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து ஓர் இறக்கை சுருண்டு மேலெழுந்தது. நாணயத்தின் மறுபுறத்தில் ஒரு கழுகின் தலை. கழுகுக்கு உடம்பில்லை, பன்றிக்குப் பின்பாதியில்லை, இறக்கை மட்டும் ஆள்மாறிப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அந்த அச்சைச் செதுக்கிய கிரேக்கன் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய தீர்மானமான கருத்து.

அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில், ஒரே சன்னலும் மூன்று இரும்பு அலமாரிகளும் கொண்ட நாணய அறைக்கு அவள்தான் பொறுப்பாளர். பழைய விவர அட்டைகளைத் தட்டச்சு செய்ய மூன்று மாதத்துக்கென்று வந்தவள். ஓர் அட்டையில் ‘விலங்கு, ஏதோ ஒன்று’ என்று மட்டும் எழுதியிருக்கக் கண்டு, அந்த ஏதோ ஒன்று எதுதான் என்று பார்த்துவிடலாமே என உருப்பெருக்கியை எடுத்தாள். உள்ளே சிங்க உடம்பும் கழுகு மூக்குமாக ஒரு பிராணி இறக்கையை விரித்துக்கொண்டு அவளை முறைத்தது. ஊஞ்சலில் உயரே போய் ஒரு கணம் நிற்கும்போது வயிற்றுக்குள் ஒன்று குளிர்ந்து விழுமே, அப்படி விழுந்தது. அதன் பிறகு அவள் போகவேயில்லை. இறக்கைக் குதிரை, பெண் முகமும் சிங்க உடம்பும் கொண்ட இறக்கைக்காரி, கையில் மாலையோடு பறந்துவரும் வெற்றித் தேவதை என்று ஒவ்வொன்றாகத் தேடித் தனித் தட்டில் சேர்த்தாள்.

இத்தனைக்கும் அவளுக்கு உயரம் என்றாலே உயிர் போய்விடும். அருங்காட்சியகப் படிகளில் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறுவாள். சன்னலோரம் போனால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் நாளெல்லாம் பறக்கும் பிராணிகளோடு குடித்தனம் நடத்துவதைப் பார்த்து அலுவலகத்தார் அவளுக்கு ‘இறக்கையக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் இது ஓடுமா, ஓடாதா என்று யோசிக்கிறவர். திருமணமான புதிதில் அவள் பன்றியின் புகைப்படத்தை ஆசையோடு காட்டியபோது, அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தார்.

“இந்த எடைக்கு இந்த இறக்கை பத்தாதும்மா.”

“பறக்குதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“பறக்கட்டும். முன்பாதி பறந்தா பின்பாதிய யாரு தள்ளிக்கிட்டு வர்றது?”

அன்று தொடங்கிய வழக்கு. பதினேழு ஆண்டுகளாகியும் இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த நிலையில் புதிய இயக்குநர் வந்தார். நாணய அறை இதுவரை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதேயில்லை என்று கேள்விப்பட்டதும், ஒரு காட்சி வைத்துப் பார்ப்போம் என்றார். மேற்பார்வைக் குழு வந்து பார்க்கும்; பிடித்திருந்தால் அறை நிரந்தரமாகத் திறந்திருக்கும். பிடிக்காவிட்டால் நாணயங்கள் தலைமை அலுவலகப் பெட்டகத்துக்குப் போகும், அறை சிற்றுண்டிச் சாலையாகும், அவள் கீழ்த்தளத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்துவாள். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில், தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

பெட்டகத்துக்குள் போய்விட்டால், பன்றியை இனி வேறு யாரும் பார்க்க முடியாது, அவளாலும் முடியாது.

இருபத்துநான்கு நாணயங்களைத் தேர்ந்தெடுத்தாள். முன்புறம் தேவியின் முகம், வீரனின் முகம், கழுகின் தலை என்று தலைகளாக நிற்க, பின்னால் ஒரு நீளக் கண்ணாடி வைத்து, இறக்கையுள்ள பக்கத்தை அதில் தெரியவைப்பது ஏற்பாடு. அருங்காட்சியகத் தச்சர் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனித் தாங்கி செய்தார். பழங்கால நாணயங்கள் வட்டமானவை என்று பெயர்தானே தவிர, ஒன்றுகூட ஒழுங்கான வட்டமில்லை. தட்டிய தட்டில் ஒருபுறம் பிதுங்கி, மறுபுறம் வெடித்திருக்கும். ஆகவே அந்தந்த நாணயத்தின் நெளிவுக்கேற்பத் தாங்கியின் மூன்று பித்தளைப் பற்களையும் அவர் அரத்தால் ராவினார். அவள் நாணயத்தைப் பிடித்துக்கொள்ள, முகம் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். ஒரு தாங்கிக்கு அரை நாளாயிற்று. நாணயம் அதில் ஒரே விதமாகத்தான் உட்காரும். இம்மியும் திருப்ப முடியாது. இருவருக்கும் அதில் பெருமை தாங்கவில்லை.

கண்ணாடி வருவதற்குத் தாமதமாகி, குழு வருவதற்கு முந்தைய நாள் மதியம்தான் வந்து சேர்ந்தது. அதைப் பின்னால் நிறுத்தித் துணியை விலக்கினார்கள்.

இறக்கைக் குதிரை மூக்கு தரையில் இடிக்கக் குப்புற விழுந்துகொண்டிருந்தது. வெற்றித் தேவதை மல்லாந்து படுத்துக் கால்களை ஆட்டினாள். சிங்க உடம்புக்காரி பக்கவாட்டில் சுவரேறினாள். பன்றியோ நான்கு காலும் வானத்தைப் பார்க்கும்படி, இல்லை, இருக்கிற இரண்டு காலும் வானத்தைப் பார்க்கும்படி, தலைகீழாகக் குட்டிக்கரணம் அடித்தது.

தச்சர் அரத்தைக் கீழே வைத்தார். “அக்கா, எல்லாம் கல்யாணச் சாப்பாட்டுல எதையோ குடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கே.”

அவளுக்குப் புரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக ஆயிரம் முறை திருப்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும் நேராகத்தானே இருந்தன? தட்டிலிருந்து, மாற்றாக வைத்திருந்த ஒரு குதிரை நாணயத்தை எடுத்து மெதுவாகத் திருப்பினாள். தச்சர் அவள் கையையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கட்டைவிரல் என்ன செய்யுது பாருங்க.”

பார்த்தாள். நாணயம் புரளும் அதே கணத்தில் அவள் கட்டைவிரல் அதை ஒரு சுழற்றுச் சுழற்றி, குதிரையை நேராக நிறுத்திவிட்டது. அவளைக் கேட்காமலேயே, ஆண்டுக்கணக்காக அந்த விரல் இந்தத் திருட்டு வேலையைச் செய்துவந்திருக்கிறது. அக்காலத்தில் கீழச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அறைவார்கள் என்பதும், அதில் எந்தப் பக்கம் மேலே என்று அறைந்தவன் கவலைப்படாததால் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கோணலாக விழுந்தன என்பதும் அவளுக்குத் தெரியாதவையல்ல. அட்டையில்கூடத் தட்டச்சு செய்திருக்கிறாள். விரலுக்குத்தான் அதைச் சொல்லவில்லை.

இயக்குநர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். இருபத்துநான்கு தாங்கிகளை ஓர் இரவில் மாற்ற முடியாது. கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள், தலைகள் மட்டும் தெரியட்டும் என்று உத்தரவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்குக் குழுவினர் ஐவர் வந்தனர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. கனத்த உடம்பு, கழுத்துவலிக்காகப் பட்டை அணிந்திருந்தார். தலையை எந்தப் பக்கமும் அசைக்க முடியாதவராதலால், எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கப்பலைத் திருப்புவதுபோல முழு உடம்பையும் திருப்பினார். இருபத்துநான்கு தலைகளையும் அப்படியே ஒரு சுற்றுப் பார்த்து முடித்தார்.

“எல்லாம் மூக்கா இருக்கு,” என்றார். பக்கத்திலிருந்தவர் சிற்றுண்டிச் சாலைக்கு இங்கே தண்ணீர்க் குழாய் வசதி உண்டா என்று இயக்குநரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

அந்தக் குழாய்தான் அவளை உந்தித் தள்ளியது. சுவரைப் பிடிக்காமல் இரண்டடி முன்னே போய், கறுப்புத் துணியின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, தலை சாய மறுத்ததால், உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார், விழாமலிருக்க இயக்குநரின் தோளைப் பற்றினார். பாரம் தாங்காமல் இயக்குநரும் சாய்ந்தார். என்னதான் தெரிகிறது என்று மற்ற நால்வரும் சாய்ந்தார்கள். அரசாங்கக் குழு ஒன்று காற்றடித்த வாழைத்தோப்பாக ஒரே பக்கம் வளைந்து நின்றது.

“குதிரைம்மா இது,” என்றார் நீதிபதி, சாய்ந்தபடியே. “பறக்குது. அந்தக் கடைசில இருக்கிறது என்ன?”

“பன்றிங்க சார்.”

“பன்றியா?”

“முன்பாதி மட்டும்.”

நீதிபதியின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்பு பின்னால் வந்தது. கழுத்து வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். பிறகு நிமிர்ந்து, முகத்தை நீதிமன்ற முகமாக்கிக்கொண்டு கேட்டார்: “ஏன் தலைகீழா வெச்சீங்க?”

கலைநயத்துக்காக என்று சொல்லிவிடும்படி இயக்குநர் கண்ணாலேயே மன்றாடினார். அவளுக்குப் பொய் வரவில்லை.

“வேணும்னு வெக்கல சார். தப்பு என் விரலோடது.”

அவள் விரலின் திருட்டை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாள். நீதிபதி நம்பவில்லை. அவள் அவர் கையில் உறை மாட்டி, மாற்றுக் குதிரையை உள்ளங்கையில் வைத்து, திருப்பச் சொன்னாள். அவர் திருப்பினார். தேவியின் முகம் போய்க் குதிரை வந்தது, கோணலாக. அடுத்த கணமே அவருடைய பருத்த கட்டைவிரல் தானாக நகர்ந்து குதிரையைக் காலூன்றி நிற்க வைத்தது.

அவர் தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், சாட்சி பிறழ்ந்துவிட்டதைக் கண்டவர்போல. மற்ற நால்வரும் எனக்கு, எனக்கு என்று கைநீட்டினார்கள். நால்வர் விரல்களும் அதையே செய்தன.

“அடிச்சவன் அடிச்சபடியே இருக்கட்டும்,” என்றார் நீதிபதி. “அறையத் திறந்து விடுங்க. ஆனா பிடிச்சுக்க ஒரு கம்பி வைங்க. என்னை மாதிரி ஆளு சாஞ்சா இயக்குநர் ஒருத்தர் பத்தாது.”

தச்சர் அடுத்த வாரமே கண்ணாடிப் பேழை நெடுகிலும் இடுப்புயரத்துக்கு ஒரு மரக்கம்பி பொருத்தினார். திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, முழுக் குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்தன. தேவதைக்குச் சாய்ந்தவரும் குதிரைக்குச் சாய்ந்தவரும் நடுவில் முட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவளும் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து பார்த்தாள். தரை நழுவியது, வயிறு குளிர்ந்தது, ஆனால் கண்ணை மூடவில்லை.

கணவர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். கம்பி உறுதியானதா என்று முதலில் ஆட்டிப் பார்த்தார். பிறகு நேராகவே நின்று, சாயாமல், தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்த பன்றியை வெகுநேரம் ஆராய்ந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“இப்பவாவது ஒத்துக்கிறீங்களா? பறக்குதா இல்லையா?”

அவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, எடையையும் இறக்கையையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார்.

“ஏறுறதுக்குத்தாம்மா பத்தாதுன்னு சொன்னேன்,” என்றார். “இறங்குறதுக்கு இது தாராளம்.”