குப்பாவின் வளைவு

சம்மாந்துறை ஆலையில் நெல் மூட்டை தூக்கிவிட்டு அஸர் தொழுகை நேரம் கழிந்துதான் வீடு வந்தேன். இடுப்பு என்னுடையதாகவே இல்லை. பொறியியல் படிக்கும் மகள் காலையில் இருந்த அதே கதிரையில் இருந்தாள். எங்கள் பள்ளிவாசலின் உருண்டைக் கூரையை, அந்தக் குப்பாவை, கடல் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று கணினியில் கணக்குப் பார்ப்பதுதான் அவளுடைய கடைசி வருட வேலை. மறுநாள் காலை கொடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண்.

"முடியுதா மகள்?"

"காலையில இருந்து ஓடுது வாப்பா. ராவு இஷாத் தொழுகைக்குள்ள முடியும், இன்ஷா அல்லாஹ்."

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. பாங்கு கேட்டால் டிவியை அணைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி அடுப்படியிலிருந்து வந்து, கை போன போக்கில் கணினி செருகியிருந்த சுவர் சுவிட்சை அணைத்தாள். அந்தப் பழைய கணினியின் பற்றரி செத்து வெகுகாலம். திரை கறுத்தது.

"உம்மா!"

"பாங்கு சொல்லக்குள்ள என்ன படம் புள்ள?"

"படம் இல்ல உம்மா, கணக்கு. எல்லாம் போயிட்டு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரைத்தான் ஏச?

தொழுதுவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மீண்டும் போட்ட திரையில் குப்பாவின் மேல் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஒரு வலை.

"வளைவையும் இது நேர்கோட்டாலதான் கட்டும் வாப்பா. வலைக் கண் பெரிசா இரிந்தா குப்பா மூலை மூலையா வரும். கணக்கும் பிழைக்கும்."

"அப்ப எல்லா இடத்திலயும் சின்னதாப் போடு."

"அப்பிடித்தான் காலையில போட்டன். இப்ப போட்டா விடிஞ்சாலும் முடியாது."

தட்டையான சுவரில் கண்ணைப் பெரிதாக்கினாள். வளைகிற இடத்தில் மட்டும் சின்னதாக விட்டாள். ஆனால் உச்சியில் பிறை நிற்கிற கழுத்தில் வலை பொடிப்பொடியாகிக்கொண்டே போனது.

"அங்க வளைவு கூட. வெட்டி வெட்டிக்கொண்டே போகும். இதுக்குக் கீழ வெட்டாத எண்டு எல்லை போடணும்."

"போட்டா?"

"கழுத்து கரடுமுரடா வரும். பரவாயில்ல, எனக்கு வேணுமானது குப்பாட தோள்ல பிடிக்கிற காத்துதான்."

எல்லை போட்டு, பிஸ்மி சொல்லி ஓட விட்டாள்.

இஷா பாங்கு கேட்டதும் மனைவி எழும்பினாள். பாதியில் நின்றாள். சுவிட்சைப் பார்த்தாள். பிறகு ஃபேனை மட்டும் அணைத்தாள்.

"ஃபேனப் போடுங்க உம்மா, கணினி சூடாகும்."

"அதுக்கும் காத்து வேணுமா?" என்றாள் அவள். அன்று முதல்முறையாக மகள் சிரித்தாள்.

சுபஹுக்கு எழும்பியபோது கணக்கு முடிந்திருந்தது. மகளைத் தொழுகைக்கு எழுப்பினேன். அவள் கண்ணைக் கசக்கித் திரையைப் பார்த்தாள். தோளில் காற்று அழுத்தும் இடத்தைக் காட்டும் சிவப்பு வளையம் உருண்டையாக, ஒரு மூலையும் இல்லாமல் இருந்தது. கழுத்து மட்டும் கத்தியால் செதுக்கியதுபோல.

"எனக்கு இவ்வளவு காணும் வாப்பா. அல்ஹம்துலில்லாஹ்."

அவளை பஸ் ஏற்றிவிட்டு ஆலைக்குப் போகும் வழியில் குப்பாவை நின்று பார்த்தேன். அதிக நேரம் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. மூட்டை தூக்கிய கழுத்து.