எழுதிக் கொடுங்க சார்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. கொஞ்ச தூரம் நடந்தாலே அவருக்கு நெஞ்சு வலி வர ஆரம்பித்தது. அது எனக்குத் தெரியக் கூடாதென்று, தெருவில் நின்று சினிமா போஸ்டரைப் படிப்பதுபோல் பாசாங்கு செய்வார். ஒரே போஸ்டரை எத்தனை முறைதான் படிப்பார்!

இதயத்தில் அடைப்பு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர். சில வருடங்களுக்கு முன் கம்பெனியில் எல்லோருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். செலவை ஏற்கிறோம் என்று இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கடிதத்துக்காக மவுண்ட் ரோட்டில் இருந்த அந்த ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன்.

"பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே இந்த நோய் இருந்திருக்கும்மா. விசாரிச்சுட்டு இருக்கோம். அடுத்த வாரம் வாங்க" என்பார் அதிகாரி. தரமாட்டோம் என்றும் சொல்லமாட்டார். நான் பத்தாவதோடு நின்றவள், கூச்ச சுபாவம் வேறு. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். பகலில் என் கணவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் குழாயடியில் நான் அழுவதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இங்க அழுதுகினு நின்னா ஆபரேசன் ஆயிடுமா? நாளிக்கு நானும் வரேன், கெளம்பு" என்றார்.

மறுநாள் அதிகாரி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வழக்கமான பாட்டையே பாடினார். அக்கா மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னா சார், பழைய நோவா? நீங்க பாலிசி போட்ட வருசந்தான் என் பிரசவத்துக்கு இவ வூட்டுக்காரரு ரத்தம் குடுத்தாரு. பிரசரு பாத்து, நல்லா கீறாருன்னுதானே எடுத்தாங்க? அதனாலதான் நான் இப்போ உங்க முன்னாடி உசுரோட நின்னுகினு கீறேன். சீக்காளி ரத்தத்தையா எனக்கு ஏத்துனாங்க?"

அவர் ரத்தம் கொடுத்ததை நானே மறந்துபோயிருந்தேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் வாய்வார்த்தைம்மா. பார்க்கலாம். அடுத்த வாரம்..."

எனக்குள் என்னவோ ஆனது. "எழுதிக் கொடுங்க சார்" என்றேன்.

"எதைம்மா?"

"இவருக்குப் பழைய நோய், பணம் தர முடியாதுன்னு எழுதி, உங்க பேரைப் போட்டுக் கையெழுத்து வச்சுக் கொடுங்க. அவருக்கு ஏதாவது ஆயிட்டா, யாரு தடுத்தாங்கன்னு என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லணும்ல?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மூடி வைத்துவிட்டு, மேலதிகாரியின் அறைக்கு எழுந்து போனார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்மாம் பேச்ச எங்கம்மே ஒளிச்சி வச்சிருந்த?" என்று காதில் கேட்டார்.

வெளியே வந்தவரின் குரலே மாறியிருந்தது. ரத்தம் எடுத்த ஆஸ்பத்திரியில் ஒரு சான்று வாங்கி வரச் சொன்னார். அக்காவே அலைந்து வாங்கித் தந்தார். அதைக் கொடுத்த அன்றே கடிதம் கைக்கு வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "நீ சாப்பிட்டியா?" என்றுதான்.

இன்றும் எந்த ஆபீஸில் பேச வாயைத் திறந்தாலும் எனக்குக் குரல் நடுங்கத்தான் செய்கிறது, நடுங்கினாலும் கேட்டுவிடுகிறேன். ஆனால் எனக்கு முன்னால் அந்த மேஜைக்கு வந்து, துணைக்கு ஓர் அக்கா இல்லாமல், ஒன்றும் கேட்காமல் எழுந்துபோனவர்கள் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விடவில்லை.