மேரியில் எழுதும் மூன்றாவது காரியம்

என் பதினைந்தாவது வயதில் என்னை ஆட்டிவைத்தது ஒரே ஒரு சொல். மேரி. ஆள் பெயர் இல்லை. பிறப்பு, இறப்பு பதிகிற ஆபீசை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் கிளம்பிப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சொல்லை மட்டும் யாரும் விடவில்லை.

குரும்பகரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நான் பஸ்ஸில் காரைக்காலுக்குப் போய்ப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. குறுவை அறுவடை முடிந்திருந்த சமயம், ஒரு சாயங்காலம் கொல்லைப்புறம் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அப்பா பெரியப்பாவிடம் என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது.

"பாப்பாவ மேரிக்கு அழைச்சிட்டுப் போயி ஒரு வயசு கூட்டி எழுதிட்டா வேலை முடிஞ்சுதுண்ணே. தை பொறக்குறதுக்குள்ள முடிச்சிடணும்."

"ஆமா, தள்ளிப் போடாத. பொம்பளப் புள்ள காரியம்" என்றார் பெரியப்பா.

மேரியில் எழுதுவதற்கு மூன்று காரியம்தான் உண்டு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறந்தால் எழுதுவார்கள். செத்தால் எழுதுவார்கள். கல்யாணம் ஆனால் எழுதுவார்கள். நான் பிறந்தாயிற்று, இன்னும் சாகவில்லை. அப்புறம் வயதைக் கூட்டுவது எதற்காம்? போதாக்குறைக்கு, அதற்கு முந்தின வருஷம்தான் எதிர்வீட்டு அக்காவுக்குப் பிரான்சிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். கோயிலில் தாலி ஏறுவதற்கு முன்பே அவளை மேரிக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதோடு அவள் போனவள்தான். கணக்குப் பாடத்தில் ஒரு நாளும் நான் இவ்வளவு சுத்தமாக விடை கண்டுபிடித்ததில்லை.

கேட்டிருக்கலாமே என்று இப்போது சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் பெண்பிள்ளையிடம் "சாப்டியா", "பஸ் வந்துதா" என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. முக்கியமான விஷயம் எல்லாம் நம் தலைக்கு மேலே ஆண்கள் பேசிக்கொள்வது. நாம் காதில் விழுந்ததை வைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சைப் பெண்ணே எடுத்தால் அதைவிட வெட்கங்கெட்ட காரியம் வேறில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

அப்புறம் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால், மாப்பிள்ளை வீட்டார்தான் என்று கால் தானாகக் கொல்லைப்புறம் ஓடும். சோறு இறங்காது. எப்படியும் படிப்பை நிறுத்தப் போகிறார்கள், இந்த மக்கள்தொகையையும் மழையளவையும் மனப்பாடம் செய்து யாருக்கு ஆகப்போகிறது என்று புத்தகத்தை மூடிவைத்தேன். பரீட்சையில் மார்க் குறைந்தது. பார்த்தாயா, நீ படிப்புக்கு லாயக்கில்லை என்று மனசு அதற்கும் ஒரு முத்திரை குத்தியது. யாருக்கும் என்னைப் பிடித்துப்போகக் கூடாதென்று தலைவாருவதையும் பவுடர் போடுவதையும் விட்டேன். வீட்டுக்குப் போகவே பிடிக்காமல், வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன். மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன்.

இதையெல்லாம் அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் தன் பங்குக்குக் கூட்டிக் கழித்தாள். சாப்பிடுவதில்லை, படிப்பதில்லை, நேரங்கழித்து வருகிறாள், தனியாக அழுகிறாள். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"எவன்டி அது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தால் எதிலிருந்து எதற்குப் போகுமோ என்று பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே என்னை அம்பகரத்தூர் காளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். பக்கத்துப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். எனக்குக் கல்யாணம் நடக்கக் கூடாதென்று நான் வேண்டினேன். அவள் என்ன வேண்டினாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டு, "இனிமே எல்லாம் சரியாப் போவும்" என்றாள்.

மார்கழியில் ஒரு காலை, "கெளம்பு, மேரிக்குப் போவணும்" என்றார் அப்பா. மேரி இருக்கிற நெடுங்காடு வரை அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் தாளடி வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிக் குதித்து அந்தப் பெண்கள் நடுவில் போய் நின்றுகொள்ளலாமா என்றிருந்தது. ஆபீசில் கிளார்க் என்னைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க மாத்தணும்?" என்று கேட்டார்.

"பத்தாவது பரீட்சை எழுதப் போவுதுங்க. பொறந்தப்ப ஒரு வருசம் தள்ளிப் பதிஞ்சுட்டாங்க. வயசு பத்தலன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. டீச்சராக்கணும்னு எனக்கு ஆசைங்க."

அவ்வளவுதான் விஷயம். மேரியில் பிறப்பைத் திருத்தவும் செய்வார்கள் என்பது என் கணக்கில் வரவே இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வெளியே வந்ததும் அப்பாவிடம் பட்டாணி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். பசித்தது. பசி என்ற ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது பாதி வழியில் அப்பா பேசினார். "வெள்ளிக்கெழம ஒன்னயப் பாக்க வர்றாங்கம்மா. உங்க மாமா பாத்த எடம். பரீட்சைய எழுதிடு, எங்க போவுது. ஆனா உங்கம்மா ரொம்ப பயந்து போயிருக்கா. நாளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா ஊருல தலகாட்ட முடியாதுன்னு அழுவுறா."

பட்டாணிப் பொட்டலத்தை மடித்துவிட்டேன். எந்தக் கல்யாணத்துக்குப் பயந்து நான் அத்தனையும் செய்தேனோ, அந்தக் கல்யாணத்தை நான் செய்தவையே அழைத்து வந்திருந்தன. யாருமே நினைக்காத ஒன்றுக்கு நான் நடுங்கினேன்; நான் நடுங்கியதைப் பார்த்து அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

அப்பா முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். முன்னால் முதுகுதான் இருந்தது. முதுகிடம் சொன்னேன். கொல்லையில் கேட்டது, எதிர்வீட்டு அக்கா, மூன்று காரியம், வேண்டுமென்றே விட்ட பஸ், எல்லாவற்றையும். சைக்கிள் மெதுவாகி நின்றது.

"கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க சொல்லியிருக்கலாமேப்பா."

அவர் திரும்பவில்லை. மறுபடியும் பெடலை மிதித்தார். என்னை வீட்டில் இறக்கிவிட்டு, அதே சைக்கிளில் மாமா ஊருக்குப் போய், வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா மட்டும் நம்பவில்லை. "மேரியாவது கீரியாவது. கதை கட்டுது, நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள். நான் பரீட்சை எழுதித் தேறினேன், மேலே படித்தேன். அம்மா ஒவ்வொரு நாளும் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றாள். நான் காரைக்காலிலேயே டீச்சராகி முதல் சம்பளத்தில் புடவை எடுத்துக் கொடுத்தபோதும், அதைக் கையில் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுடி. யாரு அந்தப் பையன்?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா யாரும் இல்ல."

அம்மா புடவையின் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி. பெத்தவகிட்ட சொல்லாட்டிப் போ" என்றாள்.