வெள்ளியங்கிரியின் மூன்று பூட்டு

வெண்டைக்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறுகிறார் வெள்ளியங்கிரி. "மேல சிரிக்கும், அடியில அழுகிக் கெடக்கும். லாரிக்காரனை எனக்குத் தெரியாதாக்கும்?" டெக்சாஸில், ஆலன் ஊர் இந்திய மளிகைக் கடையொன்றில் சரக்கு இறக்கிச் சரிபார்க்கிற வேலை. பன்னிரண்டு வருசத்தில் ஒரு பெட்டியையும் மேல்பக்கமாகத் திறந்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். முன்கதவுக்கு மூன்று பூட்டு. பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கேமரா. யாராவது "போயிட்டு வந்துர்றேன்" என்றால் போதும், "எத்தன மணிக்கு?" என்பார். "கோயிலுக்குப் போறதுக்கெல்லாம் டைம் டேபிளா போடுவாங்க?" என்று மனைவி எழிலரசி வைவாள்.

அந்தக் கேள்வி பரம்பரையாக வந்தது. தாத்தாவுக்குத் தகப்பன் நாச்சிமுத்து, காங்கேயம் பக்கத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். சந்தைக்குப் போயிட்டு வந்துர்றேன் என்று மனைவி ராமாத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனார், போனவர்தான். ரங்கூனில் இன்னொரு குடும்பம் என்று ஊரே பேசியது. ராமாத்தாள் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. கைக்குழந்தையாக இருந்த தாத்தா, 'ஓடிப்போனவன் பையன்' என்ற பேரோடு வளர்ந்து, கிழவராகி, அந்தப் பேரோடேயே செத்தார். ஆடி அமாவாசைக்கு இறந்தவர்களுக்கெல்லாம் இலை போடுகிற வீடு அது. "ஓடினவனுக்கு எதுக்கு இலை?" என்று தாத்தா தடுத்ததுதான், அப்புறம் யாரும் போடவில்லை.

போன மாசம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் செல்வராஜா, நியூ ஜெர்சியில் இருக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியார். ஐரோப்பிய ராஜாக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட முதல் மகாயுத்தத்தில் செத்த தமிழாட்களின் பேரைத் தேடிச் சேர்க்கிறவராம். நாச்சிமுத்து பட்டாளத்துக்கு வண்டி ஓட்டப் போய், ஈராக்கில் இருக்கிற பஸ்ராவில் பேதி கண்டு இறந்தாராம்.

"நம்ம பேரு, ஊரு, வம்சமெல்லாம் சித்தப்பா பையன் பேஸ்புக்ல போட்டு வச்சிருக்கான். அதப் பாத்துட்டு எழுதறான். அடுத்தாப்ல கார்டு நம்பர் கேப்பான் பாரு."

எழிலரசியிடம் அப்படிச் சொன்னாரே தவிர, தூக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள் செல்வராஜாவைக் கூப்பிட்டார், தன் நம்பர் தெரியாமலிருக்கக் கடை போனிலிருந்து.

"சார், நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"அதுக்கென்ன தம்பி, எனக்கும் உங்களைத் தெரியாது. காசு ஒண்டும் வேண்டாம்."

"வேண்டாம்கிறவங்கதான் கடைசியில கேப்பாங்க. அவரு உடம்புல ஒரு அடையாளம் உண்டு. சொல்லுங்க பாக்கலாம்."

காகிதம் புரளும் சத்தம். "இடக்கை சுண்டுவிரல் பாதி இல்லை எண்டு பட்டாளப் பதிவிலை எழுதிக் கிடக்கு."

செக்கில் நசுங்கிய விரல். ராமாத்தாள் அரைத்துக் கட்டிய பச்சிலை வரைக்கும் வீட்டுக்குள் பேச்சு உண்டு. இன்றைக்கு வெளியாள் ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளியங்கிரி வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, லைனிலை நிக்கிறியளோ?"

"போய் எத்தன நாள் இருந்தாருங்க?"

"ஏழு மாசம். அவர் செத்த அந்த ஒரு கிழமைக்குள்ளை, ஏழே நாளிலை, நாப்பத்தொரு பேர் முடிஞ்சிருக்கினம், தம்பி. கனபேருக்கு வீட்டுக்குச் சேதியே போகேல்லை."

ஆடி அமாவாசை மத்தியானம் எழிலரசி வழக்கம்போல ஐந்து இலை போட்டாள். இவர் ஆறாவது இலையைத் துடைத்து, ராமாத்தாளின் இலைக்குப் பக்கத்தில் விரித்துத் தானே பரிமாறினார். பிறகு வாசலுக்குப் போய் மூன்று பூட்டையும் திறந்து, கதவை அகலத் தள்ளினார்.

"ஏங்க, வெளிய நூத்தஞ்சு டிகிரி! ஏசி ஓடுது! எத்தன மணிக்குச் சாத்துவீங்க?"

அவர் அரிசி மூட்டையை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.