டாக்டர் சீட்டுக்கு வழி சொல்லும் ஆபீஸ்

மருத்துவக் கல்லூரிக்கு வழி சொல்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: சீட்டு கிடைத்தால் அது எங்கள் வழிகாட்டுதல், கிடைக்காவிட்டால் அது பிள்ளையின் மார்க்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அங்கே கிடைத்த பதவியின் பெயர் ‘சீனியர் கவுன்சிலர்’. ஜூனியர் என்று யாரும் கிடையாது. வீட்டில் பிள்ளை பன்னிரண்டாவது போனதும் கேபிள் இணைப்பைப் பிடுங்கியவர்கள், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் மொய்யை மட்டும் அனுப்பியவர்கள், ரிசல்ட் வந்த அன்று போனை அணைத்து வைத்தவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்கும். நான் இல்லாவிட்டாலும் என்னைப் போல ஒருத்தி உங்களிடம் போனில் பேசியிருப்பாள். அவளைத் திட்டியிருந்தால் தப்பில்லை.

மேனேஜ்மென்ட் சீட்டு

எலவனாசூர்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரிய விவசாயி வந்தார். கரும்பு, நெல் என்று ஏகப்பட்ட நிலம். கூட மச்சான், பங்காளி, கார் டிரைவர். பையன் மட்டும் வரவில்லை. எந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஆகும் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செலவைச் சொன்னபோதும் முகம் மாறவில்லை. கடைசியாக, “தம்பி நீட்ல எவ்வளவு மார்க்குங்க?” என்று கேட்டேன்.

“அவன் எழுதலம்மா. அன்னிக்கி மச்சான் வூட்டுல கல்யாணம்” என்றார். பக்கத்தில் இருந்த மச்சான், ஆமாம் என்று சாட்சி சொன்னார். மேனேஜ்மென்ட் கோட்டாவாக இருந்தாலும் நீட் எழுதித் தேறியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் என்னை விட்டுவிட்டு, கண்ணாடி அறையில் இருந்த எங்கள் முதலாளி சாரைப் பார்த்தார். அவரும் அதையே சொன்னதும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பரீட்சையும் எழுதணும், காசும் குடுக்கணும்னா, அப்புறம் இன்னாத்துக்குங்க அதுக்கு மேனேஜ்மென்ட் சீட்டுன்னு பேரு?”

பேனரில் சிரித்த பெண்

ஒரு மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்து தண்ணீர் கேட்டாள். கல்வராயன் மலையில் ஒரு அரசுப் பள்ளியில் படித்தவள். சாதிச் சான்றிதழ் விஷயமாகக் கீழே வந்து, மலைக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு மார்க்கைக் கேட்டேன். அவள் சொன்ன மார்க்குக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீட்டிலேயே இடம் கிடைக்கும், எங்களைப் போன்றவர்கள் தேவையே இல்லை. “யார்கிட்டயும் எதுவும் குடுத்துடாதம்மா, ஸ்கூல்லயே அப்ளிகேஷன் போட்டுக் குடுப்பாங்க” என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினேன்.

அவளுக்கு அரசுக் கல்லூரியிலேயே கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. அடுத்த வாரம் அதே படம், எங்கள் ஆபீஸ் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் பேனராக நின்றது. ‘எங்கள் மாணவி’ என்று கீழே எழுத்து. மலையிலிருந்து வருகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கட்டியிருந்தார்கள். கேரளாவில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த அவளுடைய அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டான். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே மேலே வந்தான்.

எங்கள் சார் சளைக்கவில்லை. பாராட்டு விழா நடத்துவோம், தங்கைக்கு ஸ்டெதாஸ்கோப் வாங்கித் தருவோம், குடும்பத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். குரலை உயர்த்தவே இல்லை. “என் தங்கச்சி உங்க ஆபீஸுக்கு வந்தது தண்ணி குடிக்கத்தான் சார். அதுக்கு வேணும்னா ஒரு பேனர் வெச்சிக்கோங்க.”

அப்பா சாப்பிட வேண்டும்

இந்தத் தொழிலில் அப்பாக்கள் ஒருமையில் பேச மாட்டார்கள். “நாங்க இந்த வாட்டி பிசிக்ஸ்ல உட்டுட்டோம்”, “எங்களுக்கு மார்க் கம்மி” என்பார்கள். வடக்கனந்தலிலிருந்து வந்த ஒரு அப்பாவும் அப்படித்தான். மரவள்ளி போடுகிறவர். மகள் கௌசல்யாவோடு வருஷா வருஷம் வருவார். அந்த வருஷமும் அவர்களுக்கு மார்க் கம்மி. அவர் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே இறங்கிய நேரத்தில், “உனக்கு இன்னாம்மா படிக்கணும்?” என்று கேட்டேன். கேட்டுப் பழகாத கேள்வி போல விழித்தாள். பிறகு சொன்னாள். நர்சிங்கில் சேர்ந்தால் போதுமாம். ஆனால் அவள் வாயால் சொன்னால் அப்பா பேசாமல் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாராம், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காதாம். “நீங்க சொல்லுங்க மேடம், உங்க வார்த்தைன்னா கேட்பாரு.”

அவர் மேலே வந்ததும் சொன்னேன். இந்த மார்க்குக்குக் கிடைக்காது, இன்னொரு வருஷம் உட்காரவைத்தாலும் சந்தேகம்தான், பெண் ரொம்பக் களைத்துவிட்டாள் என்று அந்த ஆபீஸில் யாரும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவர் கைகட்டிக்கொண்டு கேட்டார். “சரிங்க” என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. அதற்குள் சார் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஹாஸ்டலோடு சேர்ந்த கோச்சிங், இன்னும் ஒரே ஒரு வருஷம்.

கௌசல்யா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளாகத்தான் என் மேஜைக்கு வந்து, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள். “பரவால்ல மேடம். இன்னிக்கி அப்பா சாப்புடுவாரு.”

முதல் பேஷன்ட்

எனக்கு அடுத்த மேஜையில் பிரவீன் இருந்தான். எங்கள் ஆபீஸ் மூலமாகவே வெளிநாடு போய் மருத்துவம் முடித்தவன். திரும்பி வந்தபின் இங்கே வைத்தியம் பார்ப்பதற்கான பரீட்சையில் தேறவில்லை. மறுபடி மறுபடி எழுதியும் பார்த்தான். கடைசியில் சாரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். அவனைப் போல இன்னும் பல பேரை விமானம் ஏற்றுகிற வேலை. பெற்றோர் கூட்டம் என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் பனி எப்படிப் பெய்யும், தயிர் சாதம் கிடைக்குமா என்றெல்லாம் அழகாகப் பேசுவான். பரீட்சையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அவனும் சொல்ல மாட்டான்.

திருக்கோவிலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வெயில், புழுக்கம். முன் வரிசையில் இருந்த ஒருவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மொத்தக் கூட்டமும் வெள்ளைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கணம் அவன் உறைந்து நின்றான். அடுத்த கணம் மேடையிலிருந்து குதித்து ஓடினான். அவரைப் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, நாடி பிடித்து, எங்கள் நோட்டீஸையே விசிறியாக்கி வீசினான். அவர் கண் விழித்ததும் மண்டபமே கை தட்டியது. அந்தக் கைதட்டலில் அன்றைக்கு எங்களுக்கு நல்ல வியாபாரம்.

திரும்பும்போது வேனில் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தான். தியாகதுருகம் தாண்டியபின் சிரித்தான். “ஊருக்கு வந்தப்புறம் நான் பாத்த மொத பேஷன்ட்டு மேடம். ஊசி போட்டாத்தான் புடிச்சி உள்ள போடுவாங்க, விசிறி உட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்க இல்ல?”

வீட்டுக்குள் ஒரு கவுன்சிலிங்

என் மூத்தாருடைய, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுடைய, பையனுக்கும் மார்க் போதவில்லை. “நம்ம வூட்டுலயே ஆள் இருக்கும்போது எவன் எவனையோ எதுக்குப் போய்ப் பார்க்கணும்?” என்று என்னிடம் வந்தார்கள். ஆபீஸில் விற்கிற வார்த்தையை வீட்டுக்கும் கொண்டுவர எனக்கு மனசில்லை. “கிடைக்காது மாமா. யாராவது கிடைக்கும்னு சொன்னா நம்பாதீங்க. வேற படிப்புல நல்லா வருவான்” என்றேன். மூத்தார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “காசு கட்டறவனுக்குத்தான் கெடைக்கும்னு சொல்லுவ போலிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். நேராக இன்னொரு ஏஜென்ட்டிடம் போனார்கள். அந்த ஆள் முதல் நாளே தேங்காய் உடைத்து, பையனுக்கு ‘டாக்டர் தம்பி’ என்று பெயர் வைத்துவிட்டானாம். மூத்தாருடைய மனைவியின் தாலிச் சங்கிலி வரைக்கும் அங்கே போனது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றும் முடிந்தது. அந்த ஆள் போனை எடுப்பது நின்றது. பையன் இப்போது பஸ்ஸில் ஒரு கலைக் கல்லூரிக்குப் போய் வருகிறான்.

அதற்கப்புறம் குடும்பத்தில் ஒரு காதுகுத்து. மூத்தாருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எல்லோருக்கும் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் தட்டு தாண்டிப் போயிற்று. அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. “இன்னாக்கா, நான் இன்னா பண்ணேன்?” என்று கேட்டுவிட்டேன். அவர் நின்று, திரும்பி, நான்கு பேர் கேட்கும்படியே சொன்னார். “அந்த ஆளு கடைசி வரைக்கும் கெடைக்கும்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. நீதான் மொத நாளே வாய வெச்ச.”

இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். தவளையின் இதயத்துக்கு மூன்று அறைதான் என்றால் பிள்ளைகள் பேசாமல் எழுதிக்கொள்கிறார்கள், நான்காவதுக்கு ஆள் பிடிக்க முடியுமா என்று இதுவரை எந்த அப்பாவும் வந்து கேட்கவில்லை.