சுவருக்கு வராத சொல்

பிரிக்பீல்ட்ஸில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சென்டரின் முதலாளிக்கு ஒருநாள் தமிழ்ப்பற்று பொங்கியது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியல் போட்டு, வாசலுக்கு எதிர்ச்சுவரில் பெரிதாக ஒட்ட வேண்டுமாம். பெற்றோர் பார்த்துப் பூரித்துப்போக வேண்டுமாம். வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு வாரம் அகராதிகளைப் புரட்டினேன். சுருட்டு 'ஷெரூட்' ஆகியிருந்தது. நாலு மரத்தைக் கயிற்றால் கட்டி மீன்பிடிக்கப் போன கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி, இப்போது பணக்காரர்கள் படுத்துக்கொண்டு படம் எடுக்கும் உல்லாசப் படகு. மிளகுத் தண்ணீரை 'மல்லிகடானி' ஆக்கிய வெள்ளைக்காரன், அதில் கறியையும் ஆப்பிளையும் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறான். கடைசியாகப் 'பரையா' என்று எழுதினேன். பறை என்ற மேளம் அதை அடித்த சாதியின் பெயராகி, ஆங்கிலத்தில் ஊரே ஒதுக்கிவைத்த ஆளாகி, இன்று உலகம் சேர்த்துக்கொள்ளாத நாட்டையும் குறிக்கிறது. பட்டியலிலேயே அதிக தூரம் போன சொல் அதுதான்.

அது எங்கள் வீட்டுச் சொல்லும்கூட. என் அப்பா காப்பார் ஊரில் சாவு வீடுகளில் பறையடித்தவர். பிரிக்பீல்ட்ஸில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுவரிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "என்னா சார், இவ்ளோதானா? கொல்லுதான் கில். எட்டுதான் எய்ட். வாட்ஸ்அப்ல எவ்ளோ வருது!"

"அதெல்லாம் கதை பாஸ். சம்பந்தமே இல்ல."

"ஒரே மாதிரி கேக்குதுல்ல? போதும் லா."

இரண்டையும் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அடுத்தவன் சொத்துக்கு மார்தட்ட நம் ஆட்களுக்குக் கூச்சமே கிடையாது. பிறகு அவர் விரல் 'பரையா' வரியில் நின்றது.

"இது வேணாம் சார். பேரன்ட்ஸ் பாத்தா அசிங்கம். நம்ம சென்டர்ல அந்த மாதிரி ஆளுங்க யாரும் இல்லையே?"

போன தீபாவளிக்குக் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்து, ஆட்டுக்கறியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர்.

"இல்ல பாஸ்" என்றேன். அந்த வரியை என் பேனாவாலேயே அடித்தேன்.

கில்லும் எய்ட்டும் இன்னும் சுவரில் இருக்கின்றன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். அந்த ஆளை நான் துளியும் மதிப்பதில்லை. ஆனால் அவர் கேட்க மட்டும்தான் செய்தார். என் அப்பாவை இல்லை என்று சொன்னது நான்.